கிளட்ச் டீச்சரின் வண்டி கிளம்பாத காலை

அவரிடம் வண்டி கற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்ல, அவர் வகுப்பு நடக்கும் தெருக்களில் குடியிருப்பவர்களும் அவரைக் கிளட்ச் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். "கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்ற குரல் காலை ஆறரைக்கே இரண்டாவது மாடி வரை ஏறி வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் இடது காலை உதைத்துச் சுவரில் இடித்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

பன்னிரண்டு வருடமாக அதே வெள்ளைக் கார். முந்நூற்றுச் சொச்சம் பேர் அதில் பழகி லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். சந்து பொந்தெல்லாம் பின்பக்கமாகவே போய்வரச் சொன்னாலும் டீச்சர் போய்வருவார். ஆனால் பானெட்டைத் திறந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், கண்ணாடி துடைக்கிற தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பது. மற்றதெல்லாம் கொழுந்தன் பாடு. கணவரின் தம்பி சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கணவர் தையற்காரர், தையல் மெஷினைவிடப் பெரிய மெஷின் எதுவும் அவருக்கு ஒத்துவராது.

அந்தக் கொழுந்தனோடுதான் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் வீட்டில் விருந்தாளிகள் கூடியிருந்தபோது அவர் வாய் சும்மா இருக்காமல், "அண்ணிக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், வண்டியைத் தெரியாது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "உனக்கு வண்டியைத் தெரியும் தம்பி, மனுசங்களைத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவர்தான். அதற்குப் பிறகு பிரேக் கத்தினாலும் டயர் தேய்ந்தாலும் சேதி கணவர் வழியாகவே போகும், கணவர் வழியாகவே வரும். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனிதர் ஒருமுறை பிரேக் சேதியையும் டயர் சேதியையும் மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மாவின் நாலாவது டெஸ்ட் வந்தது.

நர்ஸம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. பிரசவம் பார்ப்பதில் கெட்டிக்காரி. அவர் கையில் பிறந்த குழந்தைகளை நிற்க வைத்தால் ஒரு பள்ளிக்கூடமே நிரம்பும். எந்த நெருக்கடியிலும் குரல் உயராது, கை நடுங்காது. அப்பேர்ப்பட்டவர் ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும் வெலவெலத்துப் போவார். முதல் டெஸ்டில் கம்பத்தைச் சாய்த்தார். இரண்டாவதில் மேட்டில் நின்று பின்னால் உருண்டார். மூன்றாவதில் எதிரே ஒரு நாய் வர, பிரேக்குக்குப் பதில் கண்களை மூடிக்கொண்டார். நாய்தான் விலகிப்போனது.

அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், சுற்றுப்புற வீடுகளுக்குப் போய்வர ஒரு சின்னக் கார் தயாராக நின்றது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் நர்ஸம்மாவுக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. மாதம் முடிய இன்னும் நாலே நாள்.

பத்து மணிக்கெல்லாம் டீச்சர் டெஸ்ட் மைதானத்துக்கு வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். பத்து நாற்பதுக்கு நர்ஸம்மாவின் முறை. அழைத்ததும் அவர் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, சொல்லிக்கொடுத்தபடியே சாவியைத் திருப்பினார்.

கிர்ர், கிர்ர், கிர்ர். எஞ்சின் சுற்றுகிறது. பற்றிக்கொள்ளவில்லை.

"நான் என்ன டீச்சர் தப்பு பண்ணேன்?" என்றார் நர்ஸம்மா. அதற்குள் முகம் முழுக்க வியர்வை.

"நீங்க ஒண்ணும் பண்ணல. இறங்குங்க, நான் பார்க்கறேன்."

டீச்சர் திருப்பினாலும் அதே கிர்ர்தான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். பேட்டரி போச்சு என்றார் ஒருவர். பெட்ரோல் இருக்கா என்றார் இன்னொருவர். அரை டேங்க் இருந்தது. தள்ளிப் பார்க்கலாம் என்று நாலு பேர் சட்டைக் கையை மடித்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் அட்டையோடு நடந்து வந்தார். அவர் கோபப்பட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. இரங்கி வந்தும் பார்த்ததில்லை.

"வேற வண்டி எடுத்துக்கலாமா சார்?" என்றார் டீச்சர்.

"விண்ணப்பத்துல இந்த நம்பர்தான் இருக்கு. கடைசி ஆளா வச்சிக்கறேன். பதினொன்றரைக்கு நான் கிளம்பிடுவேன்."

டீச்சர் போனை எடுத்தார். கணவருக்கு அடித்தால் அவர் தம்பிக்கு அடிப்பார், தம்பி கேட்பதை அவர் இங்கே கேட்பார், டேங்க் எங்கே இருக்கிறது என்று புரிவதற்குள் பதினொன்றரை ஆகிவிடும். ஒரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு கொழுந்தனின் நம்பரையே அழுத்திவிட்டார்.

கொழுந்தன் அன்றைக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பஸ்ஸின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

"அண்ணியா?" என்ற குரலில் பயம்தான் முதலில் வந்தது. "அண்ணனுக்கு ஏதாவது..."

"உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. வண்டி கிளம்ப மாட்டேங்குது."

டெஸ்ட் என்று அவர் சொல்லவில்லை. அவசரம் என்று தெரிந்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தார்.

"சுத்துதா? சுத்தவே இல்லையா?"

"நல்லாச் சுத்துது. பத்திக்கலை."

"அப்போ பேட்டரி நல்லாயிருக்கு. அதை விட்டுடுங்க. இனிமே சும்மாச் சும்மாத் திருப்பாதீங்க. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? அவங்களைப் பின் சீட்டுல காது வைக்கச் சொல்லுங்க. நீங்க சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் வேணாம். சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்ட் ஊ…ன்னு ஒரு சத்தம் வரணும். பெட்ரோல் பம்ப்போட சத்தம்."

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். சட்டைக் கையை மடித்தவர்களை விட்டுவிட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். நர்ஸம்மா பின் சீட்டில் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து, சீட்டில் காதைப் பதித்தார். அந்த நொடியே நடுக்கம் எங்கேயோ போய்விட்டது. இதே காதுதான் எத்தனையோ வயிறுகளில் துடிப்புத் தேடிய காது.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றார். மைதானமே வாயை மூடிக்கொண்டது.

டீச்சர் சாவியை ஆன் செய்தார். நிறுத்தினார். மறுபடி ஆன் செய்தார்.

"இல்ல டீச்சர். உள்ள ஒரு அசைவும் இல்ல."

"அசைவில்லையாம் தம்பி."

"சரி, அப்போ பம்ப்புக்குக் கரண்ட் போகலை. இல்லேன்னா பம்ப்பே செத்துப்போச்சு. பானெட்டைத் திறங்க. பேட்டரி பக்கத்துல கறுப்பு மூடி போட்ட பெட்டி இருக்கும். மூடியைத் திருப்பினா உள்பக்கம் படம் போட்டிருக்கும். பெட்ரோல் பங்க் படம் எங்க இருக்குன்னு பாருங்க."

படம் இருந்தது. அதற்கு நேரே நகத்தளவு ஒரு ஃபியூஸ், பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டி. ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே கம்பி அறுபடவில்லை.

"ஃபியூஸ் நல்லாயிருந்தா அந்தக் கட்டிதான் சந்தேகம். ரிலேன்னு சொல்வோம். அதுதான் பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடறது. ஹார்ன் படத்துக்கு நேரா அதே மாதிரி ஒண்ணு இருக்கும். ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க. சாவியை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க அண்ணி."

டீச்சர் இரண்டையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி இடம் மாற்றினார். நர்ஸம்மா மறுபடி காது வைத்தார். சாவி ஆனதும் அவர் முகம் மலர்ந்தது.

"வருது! வருது டீச்சர், நல்லாவே வருது!"

ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தள்ள வந்த நால்வருக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். "சரி, வச்சிடறேன்" என்று நன்றிகூடச் சொல்லாமல் டீச்சர் போனை வைத்தார். மணி பதினொன்று பத்து.

இன்ஸ்பெக்டர் அட்டையோடு ஏறி உட்கார்ந்தார். விளக்கு, சரி. இண்டிகேட்டர், சரி. "ஹார்ன்."

நர்ஸம்மா அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார்.

"ஹார்ன் இல்லாத வண்டியில டெஸ்ட் எடுக்க முடியாதும்மா" என்று இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார்.

தப்பு தன்னுடையதுதான் என்று டீச்சருக்குப் புரிந்தது, டெஸ்ட் என்று சொல்லியிருந்தால் கொழுந்தன் ஹார்ன் பக்கம் போயிருக்கவே மாட்டார். மறுபடி போனை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸின் அடியில் இருப்பவருக்குக் கேட்கவில்லை போலும்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பானெட்டைத் தூக்கினார். மூடியின் உள்பக்கத்தை இந்த முறை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். ஹார்ன். விளக்கு. மூலையில் பனித்துகள் நட்சத்திரம்போல் ஒரு படம். ஏசி பட்டனிலும் அதே நட்சத்திரம்தானே! அதற்கு நேரே இருந்த கட்டியைப் பிடுங்கி, மற்றவற்றோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அதே அளவு, அதே நாலு கால், முதுகில் அதே எண். கெட்டுப்போனதை ஏசியின் இடத்தில் செருகினார். நல்லதை ஹார்னுக்குக் கொடுத்தார்.

யாரையும் கேட்கவில்லை.

"அமுக்குங்க நர்ஸம்மா."

பாஆஆம் என்ற சத்தத்தில் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"ஏசி மட்டும் வேலை செய்யாது சார்" என்றார் டீச்சர்.

"ஏசி என் லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலை இறக்கிக்கொண்டார்.

நர்ஸம்மா ஓட்டியதை டீச்சர் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். வண்டியின் உள்ளே காது வைத்துக் கேட்ட பிறகு அந்த அம்மாவுக்கு அதன்மேல் பயம் விட்டுப்போயிருக்க வேண்டும். "மெதுவா… மெதுவா… இப்ப கொஞ்சம்… அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று பிரசவ அறையில் பேசுவதுபோல் காரோடு பேசிக்கொண்டே போனார். கம்பங்கள் நின்ற இடத்தில் நின்றன. மேட்டில் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்வாங்கவில்லை. திரும்பி வந்து இறங்கிய இன்ஸ்பெக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாஸ் என்று கையெழுத்துப் போடும்போது, "யாரோட பேசிட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் கொழுந்தன் புது ரிலேயோடு வீட்டுக்கே வந்தார். ஹார்ன் அடித்தது, ஏசிதான் ஓடவில்லை. பானெட்டைத் திறந்து, ஏசி இடத்தில் இருந்த ரிலேயைப் பிடுங்கி நீட்டினார்.

"இதை யாரு இங்க மாத்தினது?"

"நான்தான்."

"ஹார்ன் இடத்துலதானே போடச் சொன்னேன்…" என்று இழுத்தவர், "அண்ணி, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார்.

"நானும் டெஸ்ட்டுன்னு சொல்லாம மறைச்சேன். விடு தம்பி. உள்ள வந்து கை கழுவு."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தையற்காரர் ஊசியில் நூல் கோப்பதையே மறந்துவிட்டார்.

அந்த வாரமே டீச்சர் பாடத்தை மாற்றினார். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் அரை மணி நேரம் ஸ்டீயரிங்கே கிடையாது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூடியின் படத்தை வாசிக்க வேண்டும். பின் சீட்டில் ஆளுக்கொரு முறை காது வைக்க வேண்டும். காசு கொடுத்தது ஓட்டத்தானே என்று முணுமுணுத்த ஒரு வங்கி அதிகாரியை, டீச்சர் இரண்டு முறை காது வைக்கச் சொன்னார்.