நிலம் ஆடிய நேரத்தில் ஞானசீலன் அண்ணை

காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் அலுவலகத்து ரூபன். "வதனியக்கா, ஞானண்ணை போயிட்டார். விடிய நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அழுகை வருவதற்கு முன்பே எனக்கு வேறொரு நினைப்பு வந்துவிட்டது. இனி ஜப்பானில் நிலம் ஆடினால் நான் யாரைக் கூப்பிடுவேன்? செத்தவருக்காக அழாமல் தன் பாட்டைப் பார்க்கிறாளே என்று நினைப்பீர்கள். என் ஒரே மகள் மயூரி அங்கேதான் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள்.

அண்ணை கட்டடப் பொறியியலாளர். இளவயதில் ஜப்பானில் மேற்படிப்புப் படித்து, பூகம்பம் என்றால் என்னவென்று அங்கேயே பட்டறிந்து, பிறகு ரொறன்ரோவுக்கு வந்தவர். ஸ்காபரோவில் எங்கள் சின்ன அலுவலகத்தில் நான் வரைபடம் கீறுவேன், பக்கத்து மேசையில் அவர் கணக்குப் பார்ப்பார். நாங்கள் சண்டை பிடிக்காத கிழமை குறைவு. நான் ஆசை ஆசையாகக் கீறிய விறாந்தையின் நட்டநடுவில் ஒரு தூணைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா நிக்காது" என்பார். அன்று முழுக்க அவரோடு பேசமாட்டேன்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், ஒஷாவாவில் நண்பர் ஒருவரின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு எல்லாரும் போயிருந்தோம். பால் பொங்குகிற நேரத்தில் இவரைக் காணவில்லை. தேடிப் போனால், பேஸ்மென்ரில் ஒரு இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதைக் கழற்றிவிட்டுப் பெரிய ஹோலாக ஆக்கப்போவதாக வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. "உதைக் கழட்டினா நான் இந்த வீட்டில பச்சைத் தண்ணியும் குடியன்" என்றார். "என்னண்ணை, ரொறன்ரோவில எங்கை பூமி நடுங்கிறது?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "பூமி நடுங்காட்டியும் மேல உன்ர சனம் ஆடுமெல்லே!" நல்ல நாளில் இப்படி மானத்தை வாங்குகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் தூணை யாரும் தொடவில்லை. வீட்டுக்காரர் அதற்குக் கலர் பல்ப் சுற்றி வைத்திருக்கிறார்.

மயூரி ஜப்பானில் வீடு தேடிய நாட்களில் அவருடைய பிடிவாதம் என் வீட்டுக்குள்ளும் வந்தது. அவள் ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடி அறையில் மனதைப் பறிகொடுத்திருந்தாள். கீழே சைக்கிள் கடை, மேலே ஓட்டுக்கூரை. அண்ணையிடம் வீடியோவில் காட்டினாள். "அங்கிள், இட்ஸ் ஸோ கியூட்!" "மேல காட்டாதை பிள்ளை, கீழ காட்டு" என்றார் அவர். காட்டினாள். கடையின் முன்பக்கம் முழுதும் திறந்த வாசல். சுவரே இல்லை, மெல்லிய மரக்கால்கள் மட்டும். "மேல பாரமான ஓடு, கீழ வெறும் கால். நிலம் ஆடேக்க மேல்மாடி கீழ வந்து குந்தும். வேண்டாம்."

பதிலாக அவர் படம் படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஒரு கொங்கிறீற் கட்டடம். பூகம்பத்துக்காகப் பிறகு பலப்படுத்தியது. ஜன்னலுக்குக் குறுக்கே பெருக்கல் குறிபோலப் பெரிய இரும்புச் சட்டம். "ஜெயில் மாதிரி இருக்கு அம்மா" என்று மயூரி என்னோடு கோபித்துக்கொண்டாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை; மயூரி அங்கேயே குடிபோனாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் மரக்கறிக் கடை வாசலில் பைகளோடு நின்றேன். ஜப்பானில் ஞாயிறு விடிந்துகொண்டிருந்த நேரம். மயூரி அழைத்தாள். "அம்மா, எல்லாம் ஆடினது. புத்தக ஷெல்ஃப் விழுந்திட்டுது. கதவடியில நிக்கிறன். என்ன செய்ய?" என் வாய் என்னைக் கேட்காமலே கத்தியது: "வெளியில ஓடு! வீட்டுக்குள்ள நில்லாதை, ஓடு!" யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டதும் வீட்டைவிட்டுப் பங்கருக்கு ஓடிய கால்கள் எங்களுடையவை. எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். ஆனாலும் கை தானாக அண்ணையின் எண்ணைத் தட்டி அவரையும் அந்த அழைப்பில் சேர்த்தது.

"பிள்ளை, ஓடாதை" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "காஸ் மணக்குதோ?"

"இல்லை அங்கிள்."

"சுவரில, தூணில பெரிய வெடிப்பு?"

"பூச்சுத்தான் கொட்டியிருக்கு."

"அப்ப மேசைக்குக் கீழ போ. திரும்ப ஆடும். இப்ப படியிலயோ றோட்டிலயோ நிண்டா கூரை ஓடும் கண்ணாடியும் தலையில விழும்."

"அம்மா ஓடச் சொல்றா..."

"அண்ணை, கட்டடம் விழுந்தா?" என்று நான் கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விழாது" என்றார். "மேசைக் காலைப் பிடி பிள்ளை. நான் லைனில நிக்கிறன்." அவள் யாருடைய சொல்லைக் கேட்கப்போகிறாள் என்று தெரியாமல் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவள் மேசைக்கடியில் போன கையோடு மறுபடி ஆடத் தொடங்கியது. தட்டுகள் உடைந்தன. மயூரி "அம்மா, அம்மா" என்றாள். அவர் மட்டும் "பிடிச்சுக்கொள், பிடிச்சுக்கொள்" என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாம் அடங்கியது. "அங்கிள்... நிண்டிட்டுது." "நல்லம். இப்ப சப்பாத்தைப் போடு. மெல்ல இறங்கிப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நட. கட்டடங்களுக்குக் கிட்டப் போகாதை."

அந்தச் சைக்கிள் கடையின் படத்தை மயூரி பிறகு அனுப்பினாள். கீழ்த்தளத்தைக் காணவில்லை. அவள் ஆசைப்பட்ட ஜன்னல் தெருவோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணையிடம் காட்டினேன். "சொன்னன் தானே" என்று வரும் என்று காத்திருந்தேன். "ஆக்கள் தப்பினவையோ?" என்று மட்டும் கேட்டார். அங்கே யாரும் இருக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் தன் வேலைக்குத் திரும்பினார். அன்று வீட்டுக்குப் போகும்போது, "நாங்கள் ஊரில வானத்தைப் பார்த்துப் பயந்தனாங்கள் தங்கச்சி. அங்கை நிலத்தைப் பார்த்துப் பயப்பிட வேணும். ரெண்டும் வேற வேற பயம்" என்றார்.

செத்தவீட்டில் அவர் மனைவி சறோ அக்காவின் பக்கத்தில் இருந்தேன். என் மகளின் உயிரை அவர்தான் காத்தார், அவருக்கிருந்த உறுதி எனக்கு இருக்கவில்லை என்று அழுதேன். அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "உறுதியோ? அண்டைக்கு ஃபோனை வைச்ச பிறகு மனுசன் குசினி நிலத்திலயே இருந்திட்டார். கை நடுக்கத்தில தண்ணிக் கிளாஸைப் பிடிக்கேலாமல் நான்தான் பருக்கினனான். 'கணக்குச் சரி சறோ. ஆனா அதைக் கட்டினவன் எப்பிடிக் கட்டினானோ, எனக்கென்ன தெரியும்? விழாதெண்டு சொல்லிப்போட்டன்' எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர். உமக்குச் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

அவர் போன அடுத்த கிழமை அங்கே மறுபடியும் நிலம் ஆடியது. மயூரி அழைத்தாள். கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை. "மேசைக்குக் கீழ போ. காலைப் பிடி. நான் லைனில நிக்கிறன்" என்றேன். "ஓகே அம்மா" என்று அவள் போனாள். ஞானசீலன் அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்தக் குரலைத்தான். அதைப் பேசும்போது என் கால்கள் எப்படி நடுங்கின என்பது அவளுக்குத் தெரியாது.