பொன்னாடை போர்த்தியிருந்தவள் படத்தில் எங்கே?

என் மூத்த பேரன் லோகேஸ்வரன் பினாங்கில் எஞ்சினியர். அவன் தங்கை ஷாமினி ஈப்போவில் மருந்தாளர். சின்ன மகன் வீட்டுப் பேத்தி தர்ஷினி கிள்ளானில் கணக்கு டியூஷன் நடத்துகிறாள். அதோடு நான்கு பேர் கொண்ட மெட்டல் ராக் இசைக்குழுவில் டிரம் வாசிக்கிறாள். முதல் இரண்டையும் சொன்னால் கேட்பவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். மூன்றாவதைச் சொன்னால் கல்யாணம் எப்போது என்கிறார்கள். பந்திங் பக்கம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அவள் பெருமை புரிகிறது. படித்தவர்களுக்கு என்ன வந்தது?

போன சனிக்கிழமை அயர்லாந்திலிருந்து ஒரு ஆல்டர்னேட்டிவ் மெட்டல் குழு கோலாலம்பூருக்கு வந்தது. அவர்களுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்க தர்ஷினியின் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம். வயதானவர்களை இப்படி அழைத்துப்போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோபம் ஆறாததாலும் எழுதுகிறேன்.

கிள்ளானில் காலை பத்தரைக்குக் கொமுட்டர் ரயில் ஏறினோம். கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதியவர்களுக்குப் பாதிக் கட்டணம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். தர்ஷினியின் மடியில் சிம்பல் தட்டுகள் வைத்த பை. டிரம் செட் மேடையிலேயே இருக்குமாம், தட்டுகளை மட்டும் முதலில் வாசிக்கிறவர்கள் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டுமாம். சோற்றுக் குண்டான் கனம்.

ஷா ஆலம் தாண்டும்போது அந்த அயர்லாந்துக்காரர்கள் கதையைச் சொன்னாள். மூன்றே பேர், முப்பது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறார்கள். இளமையில் ஒரு பெரிய கம்பெனி இசைத்தட்டு போட்டு உலகமெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது. விற்பனை குறைந்ததும் அதே கம்பெனி கைகழுவிவிட்டது. முதல் டிரம்மரும் விலகிவிட்டார். இவர்கள் நிறுத்தவில்லை. சின்னக் கம்பெனிகளைப் பிடித்து, தாங்களே வேன் ஓட்டி, ஊர் ஊராகப் போய் இன்னும் புதுப் பாட்டுப் போடுகிறார்கள். இப்போதைய டிரம்மரின் வீடியோக்களைப் பார்த்துத்தான் இவள் கற்றாளாம்.

அப்படியென்றால் அவர் வாத்தியார். வாத்தியாரை வெறுங்கையோடு பார்ப்பதா? பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்து, எல்.ஆர்.டி. ரயில் ஏறி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய், நல்ல ஜரிகை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினேன். இது கோயில் திருவிழா இல்லை என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அங்கிருந்து கச்சேரி மண்டபம் இருக்கும் செராஸுக்கு கிராப் வாடகைக் கார். ஓட்டியவர் தமிழ்ப் பையன்.

"எங்க பாட்டி, கல்யாணமா?"

"மெட்டல் கச்சேரி."

"நீங்களா வாசிக்கிறீங்க?"

"என் பேத்தி. சிரிக்காம ரோட்டப் பாத்து ஓட்டு."

"சும்மா கேட்டேன் லா பாட்டி."

மண்டபம் மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் உடனே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். தர்ஷினி அடிக்க ஆரம்பித்ததும் நான் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டேன். அடி நெஞ்சுக்குள் வந்து விழுந்தது.

அவள் இறங்கியதும் மேடைக்குப் பின்னால் போனோம். அந்த டிரம்மர் நரைத்த தாடியோடு ஆறடிக்கு மேல் இருந்தார். குனியச் சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினேன். எதற்கு என்று கேட்டார். தர்ஷினி விளக்கினாள். அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "இருவது வருஷமா இந்தக் குழுவுல இருக்காராம் பாட்டி. இன்னும் பேப்பர்ல புது டிரம்மர்னுதான் எழுதுறாங்களாம்."

பிறகு பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போட்டார். போர்த்தியதைத் திருப்பிக் கொடுத்தால் எங்களுக்கு மரியாதைக் குறைவு. ஆனால் அவர் கொடுத்தது எனக்கில்லை, இவளுக்கு. மடிப்பைச் சரிசெய்து விட்டேன். எல்லாரையும் நிறுத்தி கச்சேரி ஏற்பாட்டாளர் படம் எடுத்தார்.

மறுநாள் அந்தப் படத்தை ஏற்பாட்டாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள். மூன்று அயர்லாந்துக்காரர்கள், நடுவில் பல்லெல்லாம் தெரிய நான். "குழுவோடு உள்ளூர் ரசிகைப் பாட்டி" என்று தலைப்பு. ஓரத்தில் கொஞ்சம் ஜரிகை தெரிகிறது, போர்த்தியிருந்தவளைக் காணோம். வெட்டிவிட்டார்கள். பந்திங்கிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்து என்னை வாழ்த்துகிறார்கள். நானா வாசித்தேன்?

ஏற்பாட்டாளரிடம் கேட்கச் சொன்னேன். தர்ஷினி கேட்கவில்லை. "விடுங்க பாட்டி, எப்பவும் இப்படித்தான்" என்றாள். அந்த "எப்பவும்" எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எத்தனை படத்தில் வெட்டியிருப்பார்கள்? ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லையே.

போகிறவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள், உள்ளே குளிர்பானம் மட்டும்தான். முடியும்போது கடைசி ரயில் போயிருக்கும்; வீட்டுக்குக் கார் பேசி வையுங்கள். அயர்லாந்துக்காரர்களைக் கட்டாயம் கேளுங்கள். கம்பெனி கைவிட்ட பிறகும் விடாதவர்கள். இருபது வருஷம் கழித்தும் அந்த மனிதர் புது ஆள்தான். என் பேத்தி பேரை ஒழுங்காகப் போட அத்தனை வருஷம் ஆகுமென்றால், பார்க்க நான் இருக்க மாட்டேன்.

ஆகவே ஏற்பாட்டாளர் தம்பி, வேறு படம் போடுங்கள். டிரம், தர்ஷினி, கிள்ளான் என்று எழுதுங்கள். இடம் போதவில்லையென்றால் என்னை வெட்டிக்கொள்ளுங்கள்.