பொன்மணி போய்வந்த லடாக்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு லடாக் பொன்மணி என்றே பெயர். தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சுற்றுலா நிறுவனம் எங்களுடையது. பனிப்பாலைவனத்துக்குச் சொகுசுப் பயணம் என்று யார் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் அனுப்புவோம். பதினாலாயிரம் அடி உயரத்தில் கூடாரம், உள்ளே சூடேற்றிய கட்டில், நட்சத்திரம் பார்க்கத் தொலைநோக்கி, ஆளரவமில்லாத மணல்வெளியில் ஜீப் ஓட்டம் என்று அவள் அளக்க ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு இங்கேயே குளிரெடுக்கும்.

அவள் லடாக் போனதே இல்லை. சென்னையைத் தாண்டி அவள் பார்த்த ஊர் திருப்பதி ஒன்றுதான். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள்.

பொய்யை ஆரம்பித்து வைத்தவர் முதலாளி தணிகாசலம். வாடிக்கையாளர் ஒருவர், "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்க, இவள் விழிக்க, "போன வருஷம்தான் சார் போய்ட்டு வந்துச்சு" என்று அவர் நடுவில் புகுந்துவிட்டார். அந்த வாடிக்கையாளர் அன்று அவளைப் பார்த்த மரியாதைப் பார்வை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பனி விளையாட்டுக் கூடத்தில், வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் நிற்க, படம் எடுத்தவள் நான்தான். பின்னால் தெரிந்த பிளாஸ்டிக் பென்குயினை வெட்டிவிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போது உறைக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன ஆகஸ்டில் ஆழ்வார்பேட்டையிலிருந்து ஜமீலுன்னிசா வந்தார். புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று.

"முப்பது வருஷம் போர்டுல குளிர் பாலைவனம்னு எழுதிப் போட்டிருக்கேன்மா. ஒரு தடவை காலால மிதிச்சுப் பாத்துடணும்" என்றார்.

மகன் சைஃப் உடன் போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, எல்லாம் உசத்தியாகவே இருக்கட்டும் என்று அவன் போனில் சொல்லிவிட்டான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது ஆறே நாள் விடுமுறை. திட்டத்தில் லே நகரில் இரண்டு நாள் ஓய்வு இருந்தது.

"சும்மா படுத்துக் கிடக்க ரெண்டு நாளா? நீ எப்படிம்மா போனே?" என்று கேட்டார் ஜமீலுன்னிசா.

பொன்மணிக்குத் தெரியாதது இல்லை. விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் உடம்பை அந்த உயரத்துக்குப் பழக்காமல் மேலே ஏறினால் மூச்சு முட்டும். நூறு பேருக்காவது இதை அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் மேடம் என்று சொன்னால் போதும்.

"நான் மறுநாளே ஏறிட்டேன் மேடம். ஒண்ணும் ஆகல."

"தனியாவா?"

"ஆமா மேடம்."

"தைரியசாலிம்மா நீ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மாள். இரண்டு நாள் ஓய்வும் திட்டத்திலிருந்து போயிற்று.

அவர் போனதும், "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றேன்.

"கம்முனு கெட. அவங்க நல்லா தெம்பாத்தான் கீறாங்க."

ஆனால் அதற்கப்புறம் பத்து நாள், போனை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள். அந்த அம்மாளைக் கூப்பிட்டால், தான் லடாக் போனதே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அது அவள் வாயில் வரவில்லை.

அவர்கள் கிளம்பிப்போன மூன்றாம் நாள் சாயங்காலம் சைஃப் கூப்பிட்டான். கூடாரத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டி, உதடு நீலமாகி, ஆக்சிஜன் வைத்து ஜீப்பில் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார்களாம். பொன்மணி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "எதுனா ஆச்சுன்னா நான்தாண்டி கொன்னுட்டேன்" என்று அவள் அழுதது வெளியே எனக்குக் கேட்டது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அம்மாவும் மகனும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். அம்மாள் பாதியாக இளைத்திருந்தார். சைஃப் மேசையைத் தட்டினான்.

"ரெஸ்ட் நாளை எடுத்தது யாரு? எங்கம்மா செத்துப் போயிருந்தா?"

தணிகாசலம் சட்டென்று பொன்மணி பக்கம் திரும்பினார். அவளுக்குப் பொய் கற்றுக் கொடுத்த அதே வாய், "நீயா சொன்னே? அப்படின்னா இப்பவே பையைத் தூக்கிக்கினு கெளம்பு" என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை, பிரிண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜமீலுன்னிசா கையமர்த்தினார்.

"அவளைத் திட்டாதீங்க. அந்தப் பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பொன்மணி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது. அந்த அம்மாள் அதற்காகவே காத்திருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

சைஃப்பின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, "சாரி சிஸ்டர், தெரியாம கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

"பரவால்ல சார்" என்றாள்.

ஜமீலுன்னிசாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு அப்போதுதான் நின்றது. "வா சைஃப், போலாம்" என்று மகன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.