அனாடமியில் மூன்றாவது முறை

என் மகள் படிக்கப் போன ஊரின் பெயரை எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வராது. செக் நாட்டின் கிழக்குப் பக்கம், தலைநகரிலிருந்து ரயிலில் போகவேண்டிய ஒரு நடுத்தர ஊர். மசூதியில் பழக்கமான ஒரு ஆன்ட்டியின் பையன் அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் நான்கு வருடம் வேறு எதையாவது படித்து முடித்தபிறகுதான் மெடிக்கல் காலேஜ் வாசலையே மிதிக்க முடியும். செக் நாட்டிலோ பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆறு வருடம், ஆங்கிலத்திலேயே. இது என் மகள் கண்டுபிடித்த வழி. நாங்கள் சொன்னதல்ல. ஆறாம் வகுப்பிலிருந்தே டாக்டர் என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சு இருந்ததில்லை.

அமெரிக்காவில் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தபடியே அந்தப் பல்கலைக்கழகத்தை நான் சுற்றிப் பார்த்திருக்கிறேன். முதல் மாதங்களில் வீடியோ காலில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தெருத்தெருவாக நடப்பாள். அதற்கு ஒரே வளாகம் கிடையாது, ஊரே வளாகம். ஃபேகல்டி என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு படிப்பின் கட்டடமும் ஒவ்வோர் இடத்தில். மேட்டின்மேல் இறையியல் ஃபேகல்டி, சதுக்கத்தையொட்டித் தத்துவமும் மொழிகளும், ஆற்றங்கரையில் கண்ணாடிச் சுவர் போட்ட அறிவியல் ஃபேகல்டி, டிராம் பாதையில் சட்டம், ஊர்க்கோடியில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மருத்துவம். பழைய ஆயுதக் கிடங்கு ஒன்றுதான் இப்போது நூலகம்.

"அம்மா, திஸ் யூனிவர்சிட்டி இஸ் சோ ஓல்ட். பாதிரியாருங்க ஸ்டார்ட் பண்ணது. அப்புறம் ஒரு ராஜா வந்து வேற ஊருக்கு மாத்திட்டான். அப்புறம் டோட்டலா க்ளோஸ் பண்ணிட்டாங்க. வார் முடிஞ்சுதான் மறுபடி ஓபன் பண்ணாங்க."

"மூடி மூடித் திறந்ததா? நல்ல காலேஜாத்தான் பாத்திருக்க" என்றேன். அவள் சிரித்தாள்.

விடுதியில் இரண்டு பேருக்கு ஓர் அறை. கூட இருந்தது ஒரு போர்ச்சுகல் பெண். செருப்பை வாசலிலேயே கழற்றவேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மாணவர்கள் சாப்பிடும் கேன்டீனில் ஹலால் கிடையாது. பொரித்த சீஸும் வேகவைத்த மாவு உருண்டையுமாகவே வருடத்தை ஓட்டினாள். மே மாதம் மாணவர்கள் எல்லோரும் வேஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். அதில் இவள் மூட்டுமூட்டாக எலும்பு வரைந்த கறுப்புச் சட்டையில் நின்ற படத்தை அனுப்பினாள். அவள் அங்கே சிரித்து எடுத்த கடைசிப் படம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த மாதம் அனாடமி, உடற்கூறியல் பரீட்சை. அங்கே பெரிய பரீட்சையெல்லாம் வாய்மொழி. எண் போட்ட சீட்டு ஒன்றை எடுக்கவேண்டும். எந்த எண் வருகிறதோ அந்தக் கேள்விகளுக்குப் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். தேறவில்லையென்றால் இன்னும் இரண்டு வாய்ப்பு. மூன்றாவதிலும் போய்விட்டால் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேறவேண்டியதுதான். ஜூனில் போனது. ஜூலையிலும் போனது. மூன்றாவது முறை செப்டம்பர் முதல் வாரம். விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் காலியான விடுதியில் உட்கார்ந்து படித்தாள். ஃபோனில் குரல் மட்டும் வரும், முகம் வராது. "கேமரா போடும்மா" என்றால், "ஐ லுக் ஹாரிபிள்" என்பாள்.

பரீட்சை அங்கே காலையில். நான் எழுந்திருக்கும்போது முடிவு தெரிந்திருக்கவேண்டும். எழுந்து பார்த்தேன், எதுவும் வரவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே மதியம் தாண்டிவிட்டது.

மருத்துவ ஃபேகல்டி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆங்கிலம் தெரிந்த பெண்தான் எடுத்தாள்.

"ஐ ஆம் ஹெர் மதர்" என்றேன்.

"எஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட். பட் ஷி இஸ் அடல்ட். ஐ கேனாட் டெல் எனிதிங்."

"பாஸா ஃபெயிலான்னு வேண்டாம். வந்தாளா, உயிரோட இருக்காளா, அத மட்டும் சொல்லு" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.  "ஐ ஆம் சாரி" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து விடுதி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு. அவருக்குச் செக் மட்டும்தான். எனக்கு மகள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த நாலைந்து சொற்கள். "ப்ரோசீம்... த்சேரா" என்றேன். தயவுசெய்து, மகள். மகளின் பெயரையும் அறை எண்ணையும் சொன்னேன். அவர் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நிறையப் பேசினார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது: "நெனீ." கடையில் கேட்ட சாமான் தீர்ந்துபோயிருந்தால் அப்படித்தான் சொல்வார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இல்லை.  என்ன செய்கிறேன் என்று தெரியாமல் வீட்டு ஃபோன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இன்ஸ்டாகிராமில் தேடி, அறையில் கூட இருக்கும் பெண்ணைப் பிடித்தேன். விடுமுறை முடிந்து முன்பே திரும்பியிருந்தவள், கடையிலிருந்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தாள். என் மகள் காலையில் பரீட்சை முடிந்து வந்தாளாம். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்தாளாம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டாளாம். ஃபோன் மேஜையிலேயே கிடக்கிறது. நான் இவ்வளவு நேரம் கூப்பிட்டதெல்லாம் அந்த மேஜைக்கு.

கூப்பிட்டதும் கணவர் ஆபீஸிலிருந்து ஓடிவந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, அந்த ஊருக்கு நடுவுல ஒரு ஆறு ஓடுது."

"அதெல்லாம் பேசாதே" என்றார். பேசாதே என்றவர் கம்ப்யூட்டரில் அந்த ஊர் வரைபடத்தைத்தான் திறந்தார். ஆறு ஓடும் நீலக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். பிறகு ஆஸ்டினிலிருந்து கிடைக்கிற விமானங்களைத் தேட ஆரம்பித்தார். தன் பிறந்த தேதியையே தப்பாக அடித்தார்.

போர்ச்சுகல் பெண் போலீஸுக்குச் சொல்லிவிட்டு, கூடப் படிக்கும் சிலரைச் சேர்த்துக்கொண்டு தேடப் போனாள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வோர் இடத்திலிருந்தும் குரல் செய்தி அனுப்பினார்கள். நூலகத்தில் இல்லை. சட்ட ஃபேகல்டி மூடியிருக்கிறது. இறையியல் பக்கம் தோட்டத்தில் இல்லை. அவள் எனக்குப் பெருமையாகக் காட்டிய அதே இடங்கள் ஒவ்வொன்றாக, இல்லை இல்லை என்று வந்தன. அறிவியல் ஃபேகல்டிக்குப் பின்னால் கரையோரமாகப் போய்ப் பார்க்கிறோம் என்று ஒரு பையன் சொன்னபோது, நான் ஃபோனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கராஜுக்குப் போய் நின்றேன். வெளியே நெருப்பு மாதிரி வெயில். துஆ ஓத வாய் வரவில்லை. அல்லா, அல்லா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே இருட்டத் தொடங்கும் நேரம் வீட்டு ஃபோன் அடித்தது. அந்த நாட்டு எண்.

செக்கில் ஒரு பெண் குரல். விடுதி அம்மாள். "த்சேரா, த்சேரா" என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா."

ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன். 

"அம்மா, ஐ ஃபெயில்ட். இடுப்பெலும்பு கேட்டாங்க. எனக்குத் தெரியும்மா. தெரியும். பட் ஐ குடன்ட் டாக்."

"எங்கடி போன?"

"டிராம் லைன் முடியிற வரைக்கும் நடந்தேன். அதுக்கப்புறமும் நடந்தேன். ஏதோ வில்லேஜ். அப்புறம் திரும்பி வந்துட்டேன்." பிறகு மெதுவாக, "திரும்பி வரணுமான்னு யோசிச்சேன்" என்றாள்.

கணவர் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். "வீட்டுக்கு வந்துரும்மா. அவ்வளவுதான். வந்துரு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். இரண்டு மாதம் அறையை விட்டு வரவில்லை. மசூதியில் பார்க்கிறவர்கள், "டாக்டரம்மா லீவுக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஒருநாள் துணி வைக்கப் போனபோது, அலமாரி அறைக்குள் தரையில் உட்கார்ந்து இடுப்பெலும்பின் பாகங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள். அவள் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 

முதல் வருடத்துக்கே மறுபடி விண்ணப்பிக்கலாமாம். நுழைவுத் தேர்விலிருந்து எல்லாம் புதிதாக. அதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"வேண்டாம்மா" என்றார் கணவர். "இங்கயே ஃபார்மஸி பண்ணு. நர்ஸிங் பண்ணு. எதுவும் பண்ணாட்டியும் பரவாயில்ல."

"அத்தா, அந்த யூனிவர்சிட்டியையே எத்தன தடவ க்ளோஸ் பண்ணாங்க தெரியுமா? நாஜிங்க அந்த நாட்டு ஸ்டூடன்ட்ஸைக் கேம்ப்புக்குக் கொண்டு போனாங்க. எவ்ரி டைம், இட் ஓபன்ட் அகெய்ன்."

"அது கட்டடம்மா. நீ மனுஷி."

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஒரு மாதம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அனுப்பினாலும் பயம், தடுத்தாலும் பயம். தடுத்தால் இங்கேயே, அந்த அறைக்குள்ளேயே அவளை இழந்துவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. கணவர் கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஏர்போர்ட்டுக்கு அவர்தான் காரை ஓட்டினார்.

இப்போது அவள் மறுபடி முதல் வருடம். போர்ச்சுகல் பெண் மூன்றாம் வருடம் போய்விட்டாள், வேறு அறை. கூட இருக்கும் புதுப் பெண்ணை எனக்குத் தெரியாது. வரும் ஜூனில் அதே அனாடமி, அதே சீட்டு. வாரம் ஒருமுறை ஒரு கவுன்சிலரைப் பார்க்கிறாள் என்று சொல்கிறாள். நம்புகிறேன். நம்பாமல், கடிகாரம் ஏழு மணிநேரம் தள்ளி ஓடுகிற ஊரில் இருப்பவளை நான் என்ன செய்ய?

நேற்றுக் காலை கூப்பிட்டேன்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்ட?"

 கேமராவை அணைத்துவிட்டாள். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. புத்தகத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். எனக்கு ஆபீஸ் மீட்டிங் தொடங்கிவிட்டது. என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நான் மீட்டிங் மைக்கை அணைத்துவிட்டு, அடுத்த பக்கம் புரள்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.