மூன்று முன்வரிசைக்காரர் இருக்க நான்காவதாக ஒருத்தி

பிள்ளைகளே, லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஹொக்கிப் போட்டிக்கு ஆள் பிரித்த அன்று நான் பிழை விட்டேன் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே யோசியுங்கள்.

நான்கு அணி. அணிக்கு ஒரு தகப்பன் பொறுப்பு. பலகையில் பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கும், நாங்கள் முறை வைத்துக் கூப்பிடுவோம். பொறுப்பாளரின் சொந்தப் பிள்ளை மட்டும் கூப்பிடாமலே தகப்பனின் அணிக்கு வந்துவிடும். அது எங்கள் வழக்கம். அப்படி வந்த என் மகள் முன்வரிசையில் ஆடுபவள். நான் கூப்பிட்டவர்களிலும் இரண்டு பேர் முன்வரிசை. கோல் காக்க ஒருவரும் இல்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு பெயர் மிஞ்சியது. ஒருவன் கோல்காப்பாளன், சுமாராக ஆடுவான். மற்றவள் வால்தம்ஸ்டோவிலிருந்து புதிதாக வந்த சிறுமி, முன்வரிசை. அவள் பந்தோடு ஓடினால் பெரிய பையன்களுக்கே மூச்சு வாங்கும். ஆனால் எல்லோரும் பின்னுக்கு ஆள் வேணும், நடுவுக்கு வேணும் என்று அவளைத் தாண்டிவிட்டார்கள். எனக்குப் பிறகு இன்னோர் அணிக்குப் பொறுப்பான அண்ணையின் முறை. "எனக்கு முன்னுக்கு ஆள் காணும், இனி வேண்டாம். வந்தா ஆடாமல் வெளி வாங்கில குந்தியிருக்கட்டும்" என்றார் அவர். சிறுமிக்கும் அது கேட்டது.

நான் அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன காணும், விசரோ உமக்கு? கோலுக்குள்ள ஆர், நீரோ நிக்கப்போறீர்?" என்றார் அண்ணை.

"என்ரை மகள் நிப்பாள்."

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போட்டியில் அண்ணையின் அணியிடம் மூன்றுக்கு நாலு என்று தோற்றோம். எங்கள் மூன்றையும் அடித்தது அந்தச் சிறுமிதான்.

"கண்டீரோ? ஓட்டை வாளியில தண்ணி அள்ளினீர்" என்று அண்ணை சிரித்தார்.

"அள்ளினனான்தான், அண்ணை. வாற வருசமும் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுவன், அதுவும் முதல் ஆளா. கோலுக்கு நிக்க ஒருத்தரைப் பழக்கலாம். அந்த ஓட்டத்தை ஆருக்கும் பழக்க ஏலாது."

காரில் மகள் முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"நெக்ஸ்ட் இயர் நான் கோலுக்கு நிக்கமாட்டன், அப்பா" என்றாள்.

"சரி."

"அவளை எடுக்காட்டி உங்கட டீமுக்கும் வரமாட்டன். வழக்கம் எண்டு சொல்லிக்கொண்டு வராதேங்கோ."