எல்லாத்தையும் அழிச்சிடுங்க சார்

“செட்டிங்ஸுக்குப் போங்க சார். குக்கீன்னு ஒண்ணு இருக்கும். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி திறந்து பாருங்க.”

சொல்லும்போதே கண் அடுத்த அழைப்பின் விளக்குக்குப் போய்விடும். பேருந்து டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்றின் உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவள். பணம் கட்டும் இடத்தில் பக்கம் உறைந்து நின்றாலும் சரி, பேசுகிறவர் கத்தினாலும் சரி, அவளிடம் மருந்து இந்த ஒன்றுதான். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் குக்கீயக்கா. அதில் அவளுக்குக் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

வாய் ஓரத்தில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய். ஹெட்போன் அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் விழுந்த பள்ளம் சீப்புக்கு அடங்குவதில்லை. வீட்டுக்குப் போனால் பேச்சு கிடையாது, தலையாட்டல்தான். ஒரு நாள் டி.வி. ஓடவில்லை என்று கணவர் சொன்னபோது, கண்ணைத் திறக்காமலே, “ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்” என்றாள். மனிதர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த ‘சார்’ அவருக்குக் கொஞ்சம் உறைத்தது என்பது வேறு விஷயம்.

தன் போனில் எந்தத் தளம் குக்கீ வைக்க அனுமதி கேட்டாலும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கிவிடுவாள். “என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாங்க? எனக்கே ஒண்ணும் தெரியல” என்பாள்.

குக்கீ என்பது ஒரு தளம் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள நம் கருவியில் போட்டுவைக்கும் குறிப்பு. ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்கவும் வழி உண்டு. ஆனால் விளக்க நேரமாகும். அழைப்பு நீண்டால் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றுவிடுவார்.

அன்று அழைத்தவர் ஒரு பெரியவர். மகளைப் பார்க்கப் போக டிக்கெட் எடுக்க வேண்டும். வழக்கமான மருந்தைக் கேட்டுக்கொண்டவர், எல்லாவற்றையும் அழித்தால் மற்ற தளங்கள் என்னவாகும் என்று விசாரித்தார். அவை உங்களை மறந்துவிடும், திரும்பப் பாஸ்வேர்டு போட்டால் போதும் என்றாள்.

“அப்ப வேண்டாம்மா. என் வீட்டுக்காரி எம்பிராய்டரி நூல் வாங்குற கடை ஒண்ணு நெட்டுல இருக்கு. திறந்தா ‘வாங்க டீச்சர்’னு வரும். போன வருஷம் தவறிட்டா. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் பஸ் ஸ்டாண்டுலயே போய் வரிசையில நின்னுக்கறேன்.”

அடுத்த அழைப்பின் விளக்கைக் குக்கீயக்கா பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேரை அழிக்க வைத்திருப்பாள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

“வெச்சிடாதீங்கப்பா” என்றாள். செட்டிங்ஸுக்குள் அழைத்துப் போய், தளங்களின் பெயர்களை அவரை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்து, பேருந்துத் தளத்தின் பக்கத்தில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தை மட்டும் அமுக்கச் சொன்னாள். வேறெதிலும் கை படக் கூடாதென்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டிக்கெட் வந்துவிட்டது. மேற்பார்வையாளரும் வந்துவிட்டார்.

“அந்தக் கடையைத் திறக்கப் போறேன்” என்றார் பெரியவர். “தனியாப் பாக்க பயமா இருக்கு. கொஞ்சம் லைன்ல இரும்மா.”

அவள் திரும்பிப் பார்க்காமலே, மேற்பார்வையாளர் பக்கம் ஒரு கையை நீட்டி நிறுத்தினாள். மறு கையால் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.