விமானத்து முனியாண்டி

என் மகன் முருகேசு ஆறு வயதில் செத்துப்போனான். இதைச் சொல்லாமல் முனியாண்டி எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். உலகச் சண்டைக் காலத்தில் குண்டு போடும் பெரிய விமானங்கள் எதிரிக் கப்பல்களைத் தேடி எங்கள் தலைக்கு மேலே போகும், வரும். அதில் ஒன்று மழைநாளில் மூடுபனிக்குள் வழி தவறி மலையில் மோதி விழுந்தது. அதிலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒருவரும் பிழைக்கவில்லை. உடல்களைத் துரைமார் கொண்டுபோனார்கள். தகரத்தை எங்கள் ஆட்கள் கொண்டுவந்து கோழிக்கூடு போட்டார்கள்.

கூடவே இடுப்புயர இரும்பு உருளை ஒன்றும் கிடைத்தது. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் அது மட்டும் நசுங்கவில்லை. சாமியாகத்தான் இருக்கும் என்று மேட்டு மலையில் நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டி என்று கும்பிட்டோம். முதல் பிடிக் கொழுந்து அதன் காலடியில்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம். இப்படிப் பத்து வருஷம்.

அந்த ஆடி மழையில் முருகேசுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் அவனைக் கம்பளியில் கட்டி, கம்பில் கோத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் முனியாண்டியிடம் ஓடினேன். பிள்ளையைக் கொடு, சேவல் அறுக்கிறேன் என்று மண்ணில் புரண்டேன். திரும்பி வந்தபோது கம்பளியை எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறக்கியிருந்தார்கள். பாதி வழியிலேயே போய்விட்டான்.

எனக்குக் கோபமும் அதிகம், வாயும் அதிகம், தோட்டமே சொல்லும். அவனைப் புதைத்த எட்டாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மம்பட்டியோடு மேட்டு மலைக்கு ஏறினேன். சாமியை உடைக்கத்தான் போனேன்.

"பத்து வருசமா ஒனக்குச் சூடம் காட்டுனேனே. ஒனக்குக் காது இருக்கா? இருந்தா இப்ப என் கைய நிறுத்து. இல்லாட்டி ஒடஞ்சு போ."

மம்பட்டியின் கனத்த பக்கத்தைத் திருப்பி ஓங்கினேன்.

"அம்மா, அண்ணே இதுக்குள்ளயா இருக்கு?"

என் மகள் ராசாத்தி. நாலு வயது. ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்தவள் எப்படியோ பின்னாலேயே ஏறி வந்து, முனியாண்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் சாமியிடம் போய்விட்டான் என்று நாங்கள்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். மம்பட்டி கையிலிருந்து நழுவியது. அவளை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவன் போன பிறகு அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு மாதம் கழித்து, விழுந்த விமானத்தைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சண்டையில் அதுபோன்ற விமானத்தில் பறந்தவராம். முனியாண்டியைக் கண்டதும் முகம் வெளுத்து, எல்லாரையும் கீழே போகச் சொன்னார். பிறகு பட்டாளத்துக்காரர்கள் வந்து, லயங்களைக் காலி பண்ணவைத்து, அதை இருந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். கிணறு அளவுக்குப் பள்ளம் விழுந்தது. மம்பட்டி விஷயம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். பள்ளத்தின் ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒரு அடி விழுந்திருந்தா நீயும் இல்ல, புள்ளையும் இல்ல" என்றார்.

குண்டையா கும்பிட்டீர்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆமாம், குண்டைத்தான் கும்பிட்டோம். ஆனால் அன்று நான் பேசியதைக் குண்டா கேட்டது? கேட்டவருக்காகப் பள்ளத்தின் ஓரத்தில் ஆற்றுக்கல் ஒன்றை நட்டிருக்கிறோம்.

முருகேசுவை ஏன் கொடுக்கவில்லை என்று இன்றும் அவரிடம் கேட்கிறேன். பதில் இல்லை. ஆனாலும் போகாமல் இருக்க முடிவதில்லை. உங்களுக்கும் நெஞ்சு வெந்தால் அங்கே வாருங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டுங்கள். அவர் பொறுத்துக்கொள்வார், என்னையே பொறுத்தவர்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷமாகிறது. ராசாத்தி இப்போது என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிறாள். முதல் பிடியைக் கல்லடியில் வைப்பது அவள்தான். பிறகு இன்னொரு பிடியும் வைக்கிறாள். அது அண்ணனுக்காம்.